பதினான்கு அடிக் கூடம் பதினாறு ஆனது

“விண்ணப்பதாரர் தம் மேற்பார்வையில் கட்டி முடிந்த ஒரு கட்டடத்தின் வரைபடங்களையும், அக்கட்டடம் அவ்வரைபடங்களின்படியே முடிக்கப்பட்டது என்று அவருக்குப் பயிற்சியளித்தவர் ஒப்பமிட்ட சான்றையும் ஜூலை முடிவதற்குள் அனுப்பிவைக்க வேண்டும்.”

பம்பாயிலிருந்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வந்த ஒரு கடிதத்தின் மூன்றாம் பத்தி இது. தமிழாக்கம் என்னுடையது. கடிதத்தின் மேல் 1961 ஏப்ரல் என்று இருக்கிறது. ‘வரைபடங்களின்படியே’ என்று நான் மொழிபெயர்த்த இடத்தில் மூலத்தின் அடியில் ஒரு பென்சில் கோடு உண்டு. அதை நான்தான் போட்டேன். கடிதம் வந்த அன்றே போட்டேனா, வைகாசி மாதத்தில் நடந்தவற்றுக்குப் பிறகா என்பது நினைவில் இல்லை. இந்த வீட்டு விவகாரம் முழுவதும் 1960இல் நடந்தது என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கடிதம் இருப்பதால் 1961 என்றே எழுதுகிறேன்.

கட்டடக் கலைக்கென்று முறையான கல்லூரிப் படிப்பு சென்னையில் இருந்தது. எனக்கு அது எட்டவில்லை. அப்பா திண்டுக்கல் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. எனக்குக் கீழே மூன்று பேர். 1955இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஒரு வருடம் வீட்டில் இருந்து, பிறகு மதுரையில் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, 1959இல் சிவில் டிப்ளமாவுடன் ஊர் திரும்பினேன். அந்தப் படிப்புக்கு ஓவர்சியர் ஆகலாம். பாலம், மதகு, சாலை என்று போகலாம். ஆனால் பாலிடெக்னிக் நூலகத்தில் யாரும் தொடாத ஒரு அலமாரியில் கட்டடப் பத்திரிகைகள் பழைய இதழ்களாகக் கிடந்தன. ஒரு ஜன்னல் எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று யோசித்து முடிவு செய்வதே ஒருவருடைய தொழிலாக இருக்க முடியும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு மதகுகளில் மனம் செல்லவில்லை.

கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு பக்கவாசல் இருந்தது. தேர்ச்சி பெற்ற ஒருவரிடம் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பம்பாயில் இருந்த ஒரு சங்கம் நடத்திய வெளித்தேர்வை எழுதலாம். திண்டுக்கல்லில் அப்படித் தேர்ச்சி பெற்றவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வெள்ளைக்காரர் காலத்திலேயே அந்தத் தேர்வை எழுதி முடித்தவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கனத்த சரீரம். ஒரு பூட்டுப் பட்டறையின் மாடியில் அவருடைய அலுவலகம். கீழே நாள் முழுக்க அரம் தேய்க்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். அதைவிட உரக்கப் பேசியே பழகியவர் என்பதால் அவர் சாதாரணமாகச் சொல்வதும் திட்டுவது போலவே இருக்கும். நான் அவரை ‘சார்’ என்று அழைத்தேன். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

நான் மை போட்ட முதல் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இது சுவரா வாய்க்காலா? தண்ணி பாயும் போலருக்கே,” என்றார். அன்றிலிருந்து என் கோடுகள் மெலிந்தன.

1960இல் ஒரு அணைக்கட்டு வேலைக்குத் தற்காலிக மேற்பார்வையாளராக எனக்கு அரசாங்க உத்தரவு வந்தது. நான் போகவில்லை. அம்மா அதை வருடக்கணக்கில் மறக்கவில்லை.

“ஏலே, கவர்மெண்டு வேலைய வேணாமுன்னுட்டு கட்டம் கட்டமா கோடு கிழிச்சுக்கிட்டு இருக்கியே, ஒனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?”

“வீடு கட்டுறவன் குடுப்பாம்மா.”

“வீடு கட்டுறவன் கொத்தனாருக்குக் குடுப்பான். போ, போயிச் சாப்புடு.”

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் எனக்குள் அது ஒரு கணக்காக ஓடிக்கொண்டே இருந்தது. கடைசித் தம்பி பள்ளியில் இருந்தான். அப்பா ஓய்வுபெறும் வருடம் தெரியும். அந்தத் தேர்வுக்குள் நுழைய முடியாமல் போனாலும் நான் விட்டுவிட்ட அரசாங்க வேலை திரும்ப வராது. நுழைவதற்கு என் பெயரைச் சொல்ல ஒரு கட்டடம் வேண்டும்.

அந்தக் கட்டடம் திண்டுக்கல் பக்கத்தில் எரியோடு என்ற ஊரில் இருந்தது. வீட்டுக்காரர் விவசாயி. நிலக்கடலை, தக்காளி, கம்பு என்று பயிர் செய்தவர். கூடுதலாகக் கொஞ்சம் நிலம் வாங்கிய பிறகு ‘மொட்டைமாடி போட்ட வீடு’ கட்டுவது என்று தீர்மானித்துத் திண்டுக்கல்லுக்கு வந்தார். அவர் தெருவில் அதுவரை காங்கிரீட் தளம் கிடையாது. ஓட்டு வீடும் கூரை வீடும்தான். சார் அவரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, “இது உன் வீடு. பிழை வந்தா அது என் பிழை. அதனால பிழை வராம பாத்துக்க,” என்றார்.

நான் வரைந்தேன். கிழக்குப் பார்த்த வீடு. நடுவில் பதினான்கு அடி அகலத்தில் கூடம். அதை ஒட்டி ஒரே ஒரு நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பத்து அடி அகலத்தில் தானிய அறை. இரண்டுக்கும் மேலே ஒரே தளம். சிமெண்டும் கம்பியும் பர்மிட்டில் கிடைத்த காலம் அது. கிடைத்த கம்பிக்குள் அடங்க வேண்டும் என்பதால் பதினான்குக்கு மேல் போகவில்லை. எந்தக் கனத்துக் கம்பி, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று கையேட்டைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். சார் சரிபார்த்து ஒப்பமிட்டார்.

மாசியில் வேலை தொடங்கியது. வெளிச்சுவர்களுக்குக் குறி வைத்த அன்று நாங்கள் இருவரும் போய் அளந்தோம், சரியாக இருந்தது. பிறகு நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வெளிச்சுவரில் ஜன்னல்கள் அமைந்த உயரத்தைத்தான் பார்த்தேன். கூடத்துக்குள் செங்கல் அடுக்கிக் கிடந்தது. வைகாசித் தொடக்கத்தில் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும் சார் தனியாகப் போனார். ஏணியில் ஏறி, கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் அங்கங்கே அளந்து, சரியென்று சொல்லிவிட்டு வந்தார். மேலிருந்து பார்ப்பவருக்குப் பலகையும், காங்கிரீட் ஒட்டாமலிருக்க விரித்த பாயும், அதன்மேல் பரப்பிய கம்பியும்தான் தெரியும். கீழே நடுச்சுவர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. மறுநாள் காங்கிரீட் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, பம்பாய்க்கு அனுப்ப உள்ளளவுகளைக் குறித்துக்கொண்டு வரலாம் என்று நான் எரியோட்டுக்கு பஸ் ஏறினேன். கூடம் முழுக்கச் சவுக்கு முட்டுகள் நின்றன. தளத்தைத் தாங்கும் பலகைகளுக்கு அடியில் அந்தக் கம்புகள், ஒவ்வொன்றின் காலடியிலும் மர ஆப்பு. மேலே பாத்தி கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர் பலகைச் சந்துகளில் சொட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

“பதினாறு,” என்றார்.

“பதினாலு. டேப்பு எங்கயாவது மாட்டியிருக்கும். இழுத்துப் பிடிங்க.”

“இழுத்துத்தான் பிடிச்சிருக்கேன் தம்பி. பதினாறு. நீங்களே வந்து பாருங்க.”

முட்டுகளுக்கு இடையில் நுழைந்து போய்ப் பார்த்தேன். பதினாறு.

“படத்துல பதினாலுல்ல போட்ருக்கு?”

“படம் படந்தான் தம்பி. மனைக்கு மனையடின்னு ஒண்ணு இருக்குல்ல? பதினாலு ஆகவே ஆகாதுன்னு உள்சுவருக்கு நூலு போட்ட அன்னிக்கே சொல்லிட்டாங்க. ரெண்டடிய அங்கிட்டுத் தள்ளுனோம். இது பதினாறு ஆச்சு, அது பத்து எட்டாச்சு. பதினாறும் நல்ல அளவு, எட்டும் நல்ல அளவு. வெளிய இம்மி மாறல. கம்பியும் கூடக்கொறைய இல்ல, அங்க மிஞ்சுனது இங்க சரியாப் போச்சு. அம்புட்டும் எப்பிடிப் பொருந்தி வந்துச்சு பாத்தீங்களா!”

அவர் முகத்தில் பெருமை இருந்தது.

அந்தப் பக்கத்தில் அறைகளின் உள்ளளவை மனையடிப் பலன் பார்த்தே வைப்பார்கள். எத்தனை அடிக்கு என்ன பலன் என்று பாட்டாகவே சொல்வார்கள். பிற்காலத்தில் சந்தைகளில் விற்கும் மனையடிச் சிறு புத்தகங்கள் சிலவற்றை வாங்கி ஒப்பிட்டேன். பதினான்கு அடிக்கு ஒன்று நஷ்டம் என்றது, ஒன்று சஞ்சலம் என்றது. எதுவும் நல்லது என்று சொல்லவில்லை. பதினாறை எல்லாமே புகழ்ந்தன. மதுரையில் மூன்று வருடம் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. சார் நகரத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வார். இந்த வீட்டுக்காரர், படம் போடுகிறவர்களுக்குத் தெரியாத பலனா என்று நினைத்து எதுவும் சொல்லவில்லை.

கொத்தனார் சொன்னதில் பொய் இல்லை. வெளியளவு மாறவில்லை, கம்பியின் மொத்தமும் மாறவில்லை. ஆனால் ஒரு தளத்தை வளைக்கப் பார்க்கும் விசை, அகலம் கூடும் அளவில் மட்டும் கூடுவதில்லை. இரண்டு சுவருக்கு இடையே அகலம் ஏழில் ஒரு பங்கு கூடினால், அந்த விசை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பதினான்குக்கு அளந்து வைத்த கம்பி பதினாறின் மேல் கிடந்தது. அதன்மேல் காங்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. இனி உள்ளே ஒரு கம்பியைக்கூடச் சேர்க்க முடியாது. வைகாசி முடிவதற்குள் புதுமனை புகுவிழா. அன்று அந்தக் கூடத்தில் ஹோமம் வளர்த்து, பசுவையும் கன்றையும் உள்ளே அழைத்து, ஊரையே உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். முட்டுகள் ஒன்றுகூட இருக்காது.

திண்டுக்கல் திரும்பி மாடி ஏறிப் போய் நடந்ததைச் சொன்னேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். பிறகு ஒரு உறையைப் புரட்டி அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கீழே அரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

“விழாது,” என்றார்.

நான் மூச்சு விட்டேன்.

“ஆனா விழாதுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்.”

“சார்…”

“கையேட்டுல நமக்குன்னு கொஞ்சம் தாராளம் வச்சிருப்பான். அந்தத் தாராளத்த இவங்க பூராத் தின்னுட்டாங்க. மணல் சுத்தமா இருந்துச்சா, சிமெண்டு பழசா, வைகாசிக் காத்துல மேல காயாம தண்ணி நின்னுச்சா, இதெல்லாம் நமக்குத் தெரியாது. விழாதுன்னு நெனைக்கிறது வேற, கையெழுத்துப் போடுறது வேற. தலைக்கு மேல நிக்குதுப்பா அது.”

அவர் கையெழுத்து இல்லாமல் என் விண்ணப்பம் இல்லை. அடுத்த வருடமும் இதே ஜூலை வரும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அடுத்த வருடத்துக்கு என்னிடம் வேறு கட்டடம் இல்லை. தளம் விழுந்துவிட்டால், விழுந்த வீடு ஒன்றின் பெயர் மட்டும் இருக்கும். அதற்குள்ளே இருந்தவர்கள் யார் என்பதை யோசிக்கும்போது தேர்வைப் பற்றிய கவலை வெட்கமாக மாறிவிடும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தேர்வுதான் முன்னே வந்து நிற்கும்.

மறுநாள் இருவரும் எரியோட்டுக்குப் போனோம். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பழைய வீட்டு வாசலில் கட்டில் எடுத்துப் போட்டார்கள். சார் விஷயத்தைச் சொன்னார்.

நான்தான் பேச்சை எடுத்தேன். “முகூர்த்தத்த ஆவணிக்கு மாத்திக்கலாமா? முட்டு இன்னும் ரெண்டு மாசம் நிக்கட்டும். தளம் நல்லா முத்திரும்.” ஆவணி என்றால் என் ஜூலை போய்விடும். அதைத் தெரிந்தேதான் சொன்னேன். சொன்ன பிறகு அவர் ‘சரி’ என்று சொல்லிவிடக்கூடாதே என்று உள்ளே ஒன்று தவித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

“பத்திரிகை வச்சாச்சு அப்பு,” என்றார் அவர் மெதுவாக. “வடமதுர, தொப்பம்பட்டி வரைக்கும் சம்பந்தகாரவுகளுக்கு வச்சாச்சு. ஆனி, ஆடி ரெண்டும் ஆகாது. ஆவணிக்கு மாத்துனா எவன் வருவான்?”

“நடுவுல ஒரு தூண் மட்டும் நிறுத்திட்டா,” என்று சார் ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் இடைமறித்தார். “கூடத்துக்கு நடுவுல தூணா? ஏன், நாங்க என்ன சாவடியா கட்டுறோம்? வாரவன் போறவன் சாஞ்சு உக்காரவா?”

“இல்லம்மா, பத்திரத்துக்கு…”

“பத்திரத்துக்குத்தான பதினாலு வேணாமுன்னு பதினாறு வச்சோம்! நீங்க போட்ட அளவுல கட்டியிருந்தா நஷ்டம்ங்கிறாக. அவுக சொன்ன அளவுல கட்டுனா விழும்ங்குறீக. ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க எங்கிட்டுப் போயி நிக்கிறது?”

அந்தக் கேள்வி இன்றும் நியாயமாகவே படுகிறது.

கடைசியில் சார் ஒரு வழி சொன்னார். முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு நாள், பூச்சுக்கென்று கொண்டுவந்து கொட்டியிருந்த ஆற்றுமணலை நனைத்துத் தளத்தின் மேல் பரப்புவது. விழா நாளில் மேலே எத்தனை பேர் ஏறினாலும் வராத பாரம் அது. அதற்கு முன் கீழே ஆப்புகளைத் தளர்த்தி, முட்டுகளை ஒரு விரற்கடை இறக்கி வைத்துவிடுவது. முட்டுகள் அங்கேயே நிற்கும், ஆனால் தளத்தைத் தொடாது. தளம் தன் காலில் நிற்க வேண்டும். நின்றால் முட்டைப் பிரிக்கலாம். தொய்ந்து வந்து முட்டைத் தொட்டுவிட்டால், தூண் வைக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது.

“தொட்டா தூணு,” என்றார் வீட்டுக்காரர், தன் மனைவியைப் பார்த்து.

“தொடாது,” என்றார் அந்த அம்மாள்.

அந்த நாளுக்கும் சோதனைக்கும் இடையே எத்தனையோ நாட்கள் இருந்ததைப் போலத் தோன்றியது. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் மேலே பார்த்தேன். மாதா கோயிலில் பூசை நடக்கும்போது விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சினிமாக் கொட்டகையில் பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் படம் என்னவென்றே தெரியவில்லை. நகராட்சி நூலகத்தில் காங்கிரீட் பற்றி இருந்த ஒன்றிரண்டு புத்தகங்களை எடுத்து, தளங்கள் எப்படி விழும் என்ற பக்கங்களை மட்டும் படித்தேன். திடீரென்று விழாது, முதலில் விரிசல் காட்டும், தொய்வு காட்டும் என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரியில் ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல் வீட்டுக்கு என்னோடு வந்தது.

“என்னடா அண்ணாந்து பாத்துக்கிட்டே திங்கிற? ஓட்டுல பல்லி இருக்கா?” என்றார் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்கா சோத்துல கைய வச்சுக்கிட்டு இருக்க? வெஞ்சனம் ஆறிப்போச்சு பாரு.”

சோதனை அன்று காலை வைகாசிக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. கொத்தனாரும் ஆட்களும் ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தளர்த்தினார்கள். மரம் மரத்தில் மோதும் அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். பலகைகளை உருவி, முட்டுகளை ஒரு விரற்கடை இடைவெளியில் மறுபடி நிறுத்தியபோது தளத்தின் அடிப்பக்கம் முதல்முறையாகத் தெரிந்தது. பாயின் பின்னல் அச்சு அதில் அப்படியே பதிந்திருந்தது. நடுவில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. விரிசலா, பாய்களின் சேர்க்கையா என்று ஏணி வைத்து ஏறித் தடவிப் பார்த்தேன். பாயின் சேர்க்கைதான். இறங்கிய பிறகும் சந்தேகமாக இருந்தது. மறுபடி ஏறிப் பார்த்தேன்.

சுவரிலிருந்து சுவருக்கு, தளத்துக்குச் சற்றுக் கீழே ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். சார் மேலே நின்றார். தளம் அவர் பாரத்தையும் சேர்த்துத் தாங்கட்டும் என்று அவரே சொன்னார். நான் கூடத்தில் முட்டுகளுக்கு நடுவில் நின்று நூலையும் தளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தாள் பெண்கள் கூடை கூடையாக மணலை ஏற்றினார்கள். மேலே மணல் விழும் சத்தம் மந்தமாகக் கேட்டது.

முதலில் ஒன்றும் இல்லை. பாதி மணல் ஏறியபோது நடுவில் தளம் நூலை நெருங்கி வந்தது. என் கண்ணா, காற்றில் நூல் ஆடுகிறதா என்று தெரியவில்லை.

“என்னப்பா?” என்றார் சார் மேலிருந்து.

“எறங்குது சார்.”

“எம்புட்டு?”

“ஒரு நெல்லுக் கனம்.”

“எறங்கத்தான் செய்யும். பாத்துக்கிட்டே இரு.”

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மாள் கையில் ஒரு பித்தளைக் குடத்துடன் கூடத்துக்குள் நுழைந்தார். நான் கத்திவிட்டேன். “வெளிய போங்கம்மா! போங்க வெளிய!” என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் நிற்கவில்லை. குடத்தைக் கிழக்கு மூலையில் வைத்து, என்னைப் பார்த்தார்.

“நீங்க நிக்கிறீகல்ல தம்பி? நீங்க நிக்கிற எடத்துல எங்களுக்கு என்ன?”

“நான் நிக்கிறது பாக்குறதுக்கு.”

“நானும் செத்த நேரம் பாக்குறேன்.”

அவர் போகவில்லை. மணல் முழுவதும் ஏறும்வரை சுவரோரம் நின்றார். தளம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. முட்டின் தலைக்கும் தளத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துப் போனேன். நடுவரிசை முட்டுகளில் அந்த வெளிச்சம் மெல்லியதாகிவிட்டது, ஆனால் இருந்தது. நனைத்த மணலோடு அப்படியே சாயங்காலம்வரை விட்டோம். மதியச் சாப்பாட்டை எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. வெளிச்சம் அப்படியே இருந்தது.

மணலை இறக்கியதும் தளம் நூலை விட்டுக் கொஞ்சம் மேலே போனது. முழுவதும் போகவில்லை. “பழைய எடத்துக்கே போகணும்னு அவசியமில்ல. பெரும்பகுதி திரும்புனா போதும்,” என்றார் சார். அவர் சட்டை நனைந்திருந்தது. முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார்.

முகூர்த்த நாளில் நான் கூடத்துக்குள் உட்காரவில்லை. பரிமாறுகிறவர்களோடு சேர்ந்து வாளி தூக்கிக்கொண்டு உள்ளே வெளியே போய்க்கொண்டிருந்தேன். பசு வாசற்படியில் தயங்கி நின்றது, பிறகு கன்றைத் தேடி உள்ளே போனது. சம்பந்தக்காரர்கள் மொட்டைமாடியில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் அங்கே குதித்துக்கொண்டிருந்ததை நான் கீழிருந்து கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகுதான் அடுத்த கவலை வந்தது. பம்பாய்க்கு அனுப்ப வேண்டிய படத்தில் கூடம் பதினான்கு அடி. எரியோட்டில் நிற்பது பதினாறு அடி.

“பதினாலுன்னே அனுப்பு,” என்றார் சார். “பம்பாய்க்காரன் டேப்ப எடுத்துக்கிட்டு எரியோட்டுக்கு வரவா போறான்?”

“படத்தின்படியே முடிஞ்சதுன்னு நீங்க கையெழுத்துப் போடணும் சார்.”

“போடுறேன்.”

“அது இல்லையே.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பதினாறுன்னு போட்டு, அதே கம்பியப் போட்டு அனுப்புனா, கணக்குத் தெரிஞ்ச எவனும் முதல் பார்வையிலயே தூக்கி எறிவான். தெரியும்ல?”

தெரியும். மூன்று நாள் அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லக்கூடாது என்ற உறுதி ஒன்றும் என்னிடம் பெரிதாக இருக்கவில்லை. பதினான்கு என்று எழுதி அனுப்பினால், அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஆனாலும் யாரோ ஒருவர் டேப்புடன் எரியோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குவதை நினைத்துக்கொண்டே இருப்பேன் என்று தெரிந்தது. அந்தப் பயம்தான் அதிகமாக இருந்தது. ட்ரேசிங் துணியில் புதிதாக வரைந்தேன். கூடம் 16, தானிய அறை 8. கம்பி கட்டியபடியே. கூடவே அளவு மாறிய காரணத்தையும் மணல் வைத்துச் சோதித்த விதத்தையும் ஒரு பக்கத்தில் எழுதினேன். மனையடி என்பதை ஆங்கிலத்தில் விளக்க நான்கைந்து முறை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. சார் முழுவதையும் படித்துவிட்டு, “ஓவியம் மாதிரி அழகா மாட்டிக்கப் போற,” என்று சொல்லி ஒப்பமிட்டார்.

ஐப்பசியில் பதில் வந்தது. தேர்வு எழுத அனுமதி. தளத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. படித்தார்களா, படிக்காமலே கட்டி வைத்தார்களா என்பது தெரியாது. 1964இல் கடைசிப் பகுதியும் தேறினேன். ஒரு தாள் இரண்டாம் முறை. அம்மா அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கி, “இதுல சம்பளம் எங்க போட்ருக்கு?” என்று கேட்டார்.

1966இல் வடமதுரை பஸ் நிறுத்தத்தில் அந்தக் கொத்தனாரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். எரியோட்டு வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

“அது எப்பிடித் தம்பி விழும்? ஒங்க சாரு பாத்துட்டு எறங்கிப் போனாருல்ல, அதுக்கப்புறம் நாலு வண்டிப் பட்டைய நடுவுல குறுக்க விட்டோம்ல!”

“எந்தப் பட்டை?”

“கட்டவண்டிச் சக்கரத்துல போடுற இரும்புப் பட்டை. நிமித்திக் கம்பியோட சேத்துக் காங்கிரீட்டுக்குள்ள விட்டோம். ரெண்டடி கூடிப்போச்சே, மனசு கேக்கல.”

“அன்னிக்கே ஏன் சொல்லல? மணலு ஏத்துன அன்னிக்காவது?”

“சொன்னா அதையும் பிரிச்சுப் பாக்கணும்பீக,” என்று சொல்லிச் சிரித்தார். அவர் பேச்சில் எப்போதும் பாதி விளையாட்டு உண்டு. சாரிடம் கேட்டேன். “நான் இறங்கினப்ப இல்ல. அப்புறம் என்ன பண்ணினானோ,” என்றார். வீட்டுக்காரரிடமும் கேட்டேன். பழைய பட்டைகள் நாலைந்து தொழுவத்தில் கிடந்தது உண்மைதான், அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டதாக நினைவு என்றார். அவர் மனைவி, போடவே இல்லை, காணாமல் போனது என்றார்.

அந்தப் பட்டைகள் உள்ளே இருந்தால், கட்டியபடியே என்று நான் வரைந்து சார் ஒப்பமிட்ட படமும் கட்டியபடி இல்லை. நான் கடைசியாகப் போனபோது வீடு நின்றுகொண்டிருந்தது. தளத்தின் அடியில் வெள்ளைக்கு மேல் வெள்ளை அடித்து, பாயின் அச்சும் மறைந்துவிட்டது. எரியோட்டுத் தளத்தில் வண்டிப் பட்டைகள் இருக்கின்றனவா என்பது இதை எழுதும்வரை உறுதி செய்யப்படவில்லை.